ஊர் வளர்ந்தது, சேரி முளைத்ததா?

இரும்புலியூரில் நாங்கள் நடத்தும் மாலை வகுப்பில் பழைய பேப்பரும் ஒரு பாடப்புத்தகம். எடைக்குப் போட வைத்திருக்கும் கட்டுகளைத் தெருவில் கேட்டு வாங்கி வருவோம். பிள்ளைகள் வெட்டுவார்கள், ஒட்டுவார்கள், படிப்பார்கள். ஒரு சனிக்கிழமை, நம்ம ஏரியாவின் பேர் வருகிற செய்திகளை எல்லாம் வெட்டி ஒரு நோட்டில் ஒட்டச் சொன்னோம். ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண் பாதி நோட்டு ஒட்டியதும் நிமிர்ந்து கேட்டாள்: "அக்கா, அபார்ட்மென்ட் கட்டுனா ஏரியா வளந்துச்சின்னு போடறாங்க. குடிசை போட்டா முளைச்சிதுன்னு போடறாங்க. ரெண்டும் வீடுதானே?"

எங்களிடம் உடனே பதில் இல்லை. சமூகவியலில் முதுகலை முடித்தவர்கள், பத்து வருடமாகக் களத்தில் இருப்பவர்கள் என்று சொல்லிக்கொள்ளும் நாங்கள் அந்த இரண்டு வினைச்சொற்களையும் தினமும் படித்துக்கொண்டு கடந்துதான் போயிருக்கிறோம். அந்தப் பெண்ணுக்குச் சொல்ல வேண்டிய பதிலைத்தான் இங்கே எழுதிப் பார்க்கிறோம்.

பள்ளியில் எல்லோரும் படித்த இலக்கணத்திலிருந்தே தொடங்கலாம். வளர்ந்தான் என்பது தன்வினை. வளர்த்தான் என்பது பிறவினை. ஒரு 'ந்' இருந்த இடத்தில் ஒரு 'த்' வந்தால் போதும், உடனே ஒரு ஆள் வாக்கியத்துக்குள் நுழைந்துவிடுகிறான். 'தாம்பரம் வளர்ந்தது' என்றால் அது தானாக வளர்ந்தது. மழை பெய்தது, புல் வளர்ந்தது என்பதுபோல. 'தாம்பரத்தை வளர்த்தார்கள்' என்றால் யார் வளர்த்தார்கள், எதைப் போட்டு வளர்த்தார்கள், யாருடைய நிலத்தில் வளர்த்தார்கள் என்று கேள்வி வரும். நம் பத்திரிகைகள் ஐம்பது, அறுபது வருடமாக எழுதிவரும் புறநகர்ச் செய்திகளில் அந்த 'த்' வருவது அபூர்வம். 'வளர்ந்து வரும் புறநகர்', 'அசுர வளர்ச்சி', 'நாளொரு மேனியும் பொழுதொரு வண்ணமுமாக வளர்ந்து' என்று தாய்வீட்டுச் சீராட்டாகவே எழுதுகிறார்கள். குழந்தைக்குச் சொல்லும் சொல்லை ரியல் எஸ்டேட்டுக்குச் சொல்கிறார்கள்.

தாம்பரத்தின் கதையை எல்லோரும் சொல்கிற வரிசை நமக்குத் தெரியும். 1931இல் பீச்சிலிருந்து தாம்பரம் வரை மின்சார ரயில் வந்தது. 1937இல் கிறித்தவக் கல்லூரி நகரத்துக்குள்ளிருந்து இங்கே இடம் பெயர்ந்தது. அதற்கு முன்பே காசநோய் மருத்துவமனை வந்து 'சானடோரியம்' என்ற பெயரே ஊருக்கும் ஸ்டேஷனுக்கும் ஒட்டிக்கொண்டது. பிறகு விமானப்படைத் தளம். 1984இல் ஏற்றுமதி மண்டலம், நாம் சொல்லும் 'மெப்ஸ்'. புறவழிச்சாலை வந்து இரும்புலியூர்ப் பக்கம் ஜி.எஸ்.டி. சாலையைத் தொட்டது. 2001இல் 1,37,933 ஆக இருந்த தாம்பரம் நகராட்சியின் மக்கள்தொகை 2011இல் 1,74,787 ஆனது. 2021 நவம்பரில் பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் நகராட்சிகளையும் ஐந்து பேரூராட்சிகளையும் சேர்த்து மாநகராட்சி ஆனது. வந்தது, ஆனது, வளர்ந்தது. இந்த வரிசையில் சொல்லப்படும் ஒவ்வொன்றும் உண்மைதான். ஆனால் ஒரு மண்வெட்டியாவது, ஒரு பட்டாவாவது, ஒரு மிராசுதாராவது இதில் வருகிறாரா பாருங்கள்.

இது செங்கல்பட்டு மாவட்டம். ஏரி மாவட்டம் என்று பெயர் வாங்கிய மாவட்டம். ஒவ்வொரு ஊருக்கும் ஒரு ஏரி, ஏரிக்குக் கீழே நஞ்சை, நஞ்சைக்கு ஒரு மிராசு, மிராசுக்குக் கீழே ஒரு சேரி. மடையைத் திறந்து மூடி, வாய்க்காலில் தண்ணீர் கட்டி, ராத்திரியில் கரையைக் காவல் காத்த நீர்க்கட்டிகள் பெரும்பாலும் சேரிக்காரர்கள். ஏரி எந்த இடத்தில் கசியும், எந்த மழைக்கு எந்தக் கலங்கல் வழியும் என்பது அவர்களுக்குத் தெரியும். அவர்கள் பேரில் ஒரு குழி நிலம் இருக்காது.

1891இல் இந்த மாவட்டத்தின் கலெக்டராக இருந்த ட்ரெமன்ஹீர் எழுதிய அறிக்கையைச் சமூகவியல் வகுப்பில் எங்களுக்கு யாரும் பாடமாக வைக்கவில்லை. இயக்கத்துக்கு வந்த பிறகுதான் படித்தோம். பறையர்கள் தரிசு நிலம் கேட்டுத் தர்க்காஸ்து போட்டால், அந்த நிலத்தின்மேல் தனக்கு முன்னுரிமை என்று மிராசுதார் வந்து நிற்பார், விண்ணப்பம் விழுந்துவிடும். சேரியில் வீட்டுமனைகூட மிராசுதார் தயவு. இதைத்தான் அவர் எழுதினார். 1892இல் ஒடுக்கப்பட்டோருக்கு நிலம் ஒதுக்கும் ஆணை வந்தது. பஞ்சமி நிலம் என்று நாம் சொல்வது அதைத்தான். மாகாணம் முழுக்க 12 லட்சம் ஏக்கர் என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. பத்து வருடத்துக்கு விற்கக்கூடாது, அதற்குப் பிறகு விற்றாலும் ஒடுக்கப்பட்டோருக்குத்தான் விற்கவேண்டும் என்பது நிபந்தனை. அந்த நிபந்தனையை மீறி அந்த நிலங்களின் மேல் என்னென்ன 'வளர்ந்தது' என்பது தமிழ்நாட்டில் ஊரறிந்த சங்கதி. ஒரு லே அவுட் வளர முடியாது தோழர்களே. யாரோ விற்றிருக்கிறார்கள், யாரோ வாங்கியிருக்கிறார்கள், யாரோ ஒருவர் சார்பதிவாளர் நாற்காலியில் உட்கார்ந்து முத்திரை குத்தியிருக்கிறார்.

1994 அக்டோபரில் மாமல்லபுரம் பக்கம் காரணையில் பஞ்சமி நிலத்தை மீட்க மக்கள் இறங்கினார்கள். மீட்ட நிலத்தில் அம்பேத்கர் சிலையை வைத்தார்கள். சிலை அகற்றப்பட்டது. அக்டோபர் 10ஆம் தேதி செங்கல்பட்டில் கூடியவர்கள்மீது போலீஸ் துப்பாக்கிச் சூடு நடத்தியது. ஜான் தாமஸ், ஏழுமலை என்ற இரண்டு தோழர்கள் இறந்துபோனார்கள். ஆண்டுதோறும் அக்டோபரில் அவர்களை நினைத்துக் கூடுகிறோம். கிழக்குக் கடற்கரைச் சாலையும் பழைய மாமல்லபுரம் சாலையும் எப்படி 'வளர்ந்தன' என்று எழுதுகிறவர்கள் இந்த இரண்டு பெயரையும் எழுதிப் பார்த்திருக்கிறோமா? அந்தப் பக்கத்து நிலத்துக்கு ரத்தத்தில் விலை கொடுத்தவர்கள் அவர்கள்.

இனி முளைத்தலுக்கு வருவோம். நட்டால் நெல்கூட முளைக்கும். அந்த முளைப்புக்கு முளைப்பாரி எடுத்துக் குலவை போடுகிற ஊர் இது. ஆனால் பத்திரிகையில் குடிசை முளைக்கும்போது அது நெல் இல்லை. காளான்போல முளைக்கும். புற்றீசல்போலப் பெருகும். நட்டது யாருமில்லை, அழைத்தது யாருமில்லை, ஒரு ராத்திரி மழையில் வந்தது, அதனால் பிடுங்கிப்போடலாம். அடுக்குமாடி 'எழும்'. வணிக வளாகம் 'உயரும்'. நகர் 'விரிவடையும்'. குடிசை மட்டும் முளைக்கும். முளைத்த பிறகு அதற்கு இன்னொரு பெயர் வரும்: ஆக்கிரமிப்பு.

இங்கே ஒரு வேடிக்கையைப் பாருங்கள். 'ஆக்கிரமித்தார்கள்' என்று எழுதும்போது ஆள் வந்துவிடுகிறான். குடிசைக்காரன் செய்தால் செய்தவன் இருக்கிறான். ஏரியில் பிளாட் போட்டால் 'மக்கள்தொகை பெருகியதால் நீர்நிலைகள் சுருங்கின' என்று ஏரிமேலேயே பழி விழுகிறது. ஏரி தானாகவா சுருங்கும்? துவைத்த காட்டன் சட்டையா அது?

2015 டிசம்பர் மழையில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் பதிவானது. முடிச்சூர், வரதராஜபுரம் பக்கமெல்லாம் தண்ணீர் வீட்டுக்குள் போனது. தண்ணீர் அதன் பழைய இடத்துக்குத்தான் போனது. அங்கே இருந்த வீடுகள்தான் புதிது. அந்த வெள்ளத்தைப் பற்றி எழுதியவர்கள் சிலர் நன்றாகவே எழுதினார்கள். ஏரி இருந்த இடங்களைத் தேடிப்போய் எழுதினார்கள். அதை மறைக்கக் கூடாது. ஆனால் கடைசியில் யாருடைய வீடு இடிபட்டது? அடையாற்றையும் கூவத்தையும் பக்கிங்காம் கால்வாயையும் ஒட்டி இருந்த குடிசைகளும் ஓட்டு வீடுகளும். அங்கிருந்தவர்களில் பெரும்பகுதி யார் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் மாநகராட்சிக்குள்ளேயே அனகாபுத்தூரில் 2025 மே மாதம் அது நடந்தது. தலைமுறையாக இருந்த வீடுகளை இயந்திரம் வைத்து இடித்தார்கள், பெரும்பாக்கம் போன்ற இடங்களுக்குப் போகச் சொன்னார்கள், பள்ளிக்கூடமும் வேலையும் இங்கே இருக்க.

பெரும்பாக்கத்தையும் கண்ணகி நகரையும் செம்மஞ்சேரியையும் பற்றிய செய்திகளில் வேறொரு வினைச்சொல் காத்திருக்கிறது. அங்கே குற்றங்கள் 'பெருகும்'. கஞ்சா 'புழங்கும்'. வேலை செய்துகொண்டிருந்த இடத்திலிருந்து இருபது, முப்பது கிலோமீட்டர் தள்ளிக் கொண்டுவந்து போட்டு, ஆம்பளைக்கும் பொம்பளைக்கும் வேலையைப் பிடுங்கி, பிள்ளைகளை நடுவகுப்பில் பள்ளி மாற்றியது யார் என்ற பிறவினையை எடுத்துவிட்டால் மிச்சம் இருப்பது அதுதான்: குற்றங்கள் தானாகப் பெருகுகின்றன. 1970இல் தொடங்கிய குடிசைப் பகுதி மாற்று வாரியத்துக்கு 2021இல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர் மாறியது. மாற்று போய் மேம்பாடு வந்தது. லாரியில் ஏற்றும் சாமான்கள் அதேதான்.

2025இல் கண்ணகி நகர் கார்த்திகா பஹ்ரைனில் கபடி ஆடித் தங்கத்தோடு திரும்பியபோது, அதே பேப்பர்கள் 'கண்ணகி நகரில் வளர்ந்த பெண்' என்று எழுதின. ஆக, அங்கேயும் வளர முடியும் என்று தெரிகிறது. மெடல் வாங்கினால் போதும். கார்த்திகா தன் பெயரோடு ஊர்ப் பெயரையும் சேர்த்துச் சொல்லிக்கொண்டதில் இருந்த மானம் பல தலையங்கங்களில் இல்லை.

நாங்கள் இதுவரை சொன்னது இடத்தைப் பற்றி. மனிதர்களைப் பற்றி இதே சொல் வரும்போதுதான் வயிறு எரிகிறது.

தலித்துகள் 'வளர்ந்தால்' என்ன எழுதுகிறார்கள்? 1995 ஆகஸ்ட் 31ஆம் தேதி, இன்றைய தூத்துக்குடி மாவட்டத்தில் இருக்கும் கொடியங்குளத்துக்குள் நூற்றுக்கணக்கான போலீஸ் புகுந்தது. வளைகுடா நாடுகளில் உழைத்த பணத்தில் கட்டிய வீடுகள் அந்த ஊரில் இருந்தன. டிவி, மின்விசிறி, தையல் மிஷின் எல்லாம் உடைந்தன. பாஸ்போர்ட்டும் சான்றிதழும் எரிந்தன. குடிநீர்க் கிணறு பாழாக்கப்பட்டது. 2012 நவம்பர் 7ஆம் தேதி தருமபுரி மாவட்டத்தில் நத்தம் காலனி, அண்ணா நகர், கொண்டம்பட்டி என மூன்று குடியிருப்புகளில் 250க்கும் மேற்பட்ட வீடுகள் சூறையாடி எரிக்கப்பட்டன. பெங்களூருக்கும் திருப்பூருக்கும் போய் வேலை செய்து சேர்த்த பொருள். பீரோவை உடைத்து நகையை எடுத்துக்கொண்டு, பிறகு வீட்டுக்குத் தீ.

இரண்டு இடத்திலும் நம் பக்கம் நின்று எழுதியவர்களே ஒரு வாக்கியத்தை எழுதினார்கள்: 'தலித்துகளின் வளர்ச்சியைப் பொறுக்க முடியாமல்.' நாங்களும் எங்கள் துண்டறிக்கையில் அதையேதான் எழுதியிருக்கிறோம், ஒளிப்பானேன். எழுதும்போது அது நமக்கு ஆதரவான வாக்கியமாகத்தான் தெரிந்தது. மறுபடி படித்துப் பாருங்கள். காரணம் எங்கே உட்கார்ந்திருக்கிறது? நம் வளர்ச்சியில். நாம் வளர்ந்தோம், அதனால் எரிந்தது. எரித்தவனுக்கு இருப்பதெல்லாம் பொறுமைக் குறைவு என்கிற ஒரு சின்னக் குணக்கேடு. அவன் திட்டம் போட்டான், ஆள் சேர்த்தான், பெட்ரோல் வாங்கினான், மரத்தை வெட்டிச் சாலையில் போட்டு வழியை மறித்தான் என்ற வினைகளெல்லாம் அந்த ஒற்றைப் 'பொறுக்க முடியாமல்' என்பதற்குள் போய் மறைந்துவிட்டன.

தீ என்றதும் ஒன்று சொல்லியாக வேண்டும். தமிழில் தீயையும் வளர்ப்போம். ஓமம் வளர்ப்பது, வேள்வித் தீ வளர்ப்பது என்று எழுதுகிறோம். அங்கே வளர்ப்பவர் யார் என்று சொல்வதற்குக் கூச்சமே கிடையாது, பெயரும் குலமும் கோத்திரமும் போடுவார்கள். சேரியில் மட்டும் தீ 'பரவும்'. கலவரம் 'வெடிக்கும்'. பதற்றம் 'நிலவும்'. 1968 டிசம்பர் 25 ராத்திரி கீழவெண்மணியில் 44 பேர் ஒரு குடிசைக்குள் வெந்துபோனதும் அப்படித்தான் 'தகராறு', 'மோதல்' என்ற சொற்களுக்குள் நீண்ட காலம் கிடந்தது. மோதலுக்கு இரண்டு பக்கம் வேண்டுமே. எரிந்த பக்கத்தில் இருந்தவர்கள் பெண்களும் குழந்தைகளும் கிழவர்களும்தான்.

பிறவினை நம் பத்திரிகைகளுக்குத் தெரியாத ஒன்று இல்லை. எப்போது வேண்டுமோ அப்போது அழகாக வரும். பஞ்சமி நிலத்தைப் பற்றி நாம் ஒரு கூட்டம் போட்டால், இரட்டைக் குவளையைப் பற்றி ஒரு புகார் கொடுத்தால், 'சாதி உணர்வை வளர்க்கிறார்கள்' என்று எழுதுவார்கள். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்குப் போட்டால் 'பகைமையை வளர்க்கும்' செயல். நகரம் தானாக வளர்கிறது, ஏரி தானாகச் சுருங்குகிறது, தீ தானாகப் பரவுகிறது. சாதியை மட்டும் நாம் உட்கார்ந்து தண்ணீர் ஊற்றி வளர்க்கிறோம்.

எழுதுகிற மேசைகளில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதை விட்டுவிட்டு இதைப் பேச முடியாது. 1996இல் பி.என். உனியால் என்ற பத்திரிகையாளர் 'பயனியர்' நாளிதழில் ஒரு கட்டுரை எழுதினார். ஒரு வெளிநாட்டு நிருபர் அவரிடம் ஒரு தலித் பத்திரிகையாளரைக் காட்டுங்கள் என்று கேட்க, தன் முப்பது வருட அனுபவத்தில் ஒருவரையும் தெரியவில்லையே என்று அவர் தேடப் புறப்பட்ட கதை அது. 2019இல் ஆக்ஸ்பாமும் நியூஸ்லாண்டரியும் சேர்ந்து வெளியிட்ட ஆய்வில், இந்திய ஊடகங்களில் பார்த்த 121 தலைமைப் பொறுப்புகளில் 106இல் உயர்சாதியினர். பட்டியல் சாதியினரோ பழங்குடியினரோ ஒருவர்கூட இல்லை. தமிழ்நாட்டில் நம் மக்கள் ஐந்தில் ஒருவர். அந்த மேசையில் அந்த ஐந்தாவது ஆள் இருந்திருந்தால், குடிசை முளைத்தது என்று தட்டும்போது பக்கத்து நாற்காலியிலிருந்து ஒரு குரல் வந்திருக்கும்: 'எங்க அப்பா கட்டுனது சார் அது. ஓலை வாங்கின கடன்கூட இன்னும் இருக்கு.'

அதனால்தான் நம் முன்னோர் சொந்தப் பத்திரிகைக்கு அவ்வளவு பாடுபட்டார்கள். இதே செங்கல்பட்டு ஜில்லா மதுராந்தகம் பக்கத்துக் கோழியாளத்தில் பிறந்த ரெட்டைமலை சீனிவாசன் 1893இல் 'பறையன்' என்றே பெயர் வைத்து இதழ் தொடங்கினார். வசையாக வீசிய சொல்லையே தலைப்பாக்கிக் கடையில் தொங்கவிட்டார். 1907இல் அயோத்திதாசப் பண்டிதர் ராயப்பேட்டையிலிருந்து 'ஒரு பைசாத் தமிழன்' கொண்டுவந்தார். சொற்களைப் பிரித்துப் பிரித்து, இந்தச் சொல்லுக்கு இந்தப் பொருள் யார் வைத்தது என்று வாரந்தோறும் சண்டை போட்டவர் அவர். அவருடைய வேர்ச்சொல் விளக்கம் எல்லாவற்றையும் நாம் ஏற்க வேண்டியதில்லை. ஆனால் சொல்லைச் சும்மா விடக்கூடாது என்ற அந்தப் பிடிவாதம் நமக்கு வேண்டும். 1920இல் அம்பேத்கர் 'மூக்நாயக்' தொடங்கியபோது, காசு கொடுக்கிறோம் விளம்பரம் போடுங்கள் என்று கேட்டும் திலகரின் 'கேசரி' மறுத்துவிட்டது. வாயில்லாதவர்களின் தலைவன் என்று பொருள்படும் பெயரை அந்த இதழுக்கு அவர் சும்மா வைக்கவில்லை. நம் காலத்தில் 1997 முதல் 'தலித் முரசு' அந்த வேலையைச் செய்தது. பிரண்ட்லைனில் எஸ். விஸ்வநாதன் ஊர் ஊராகப் போய் எழுதிய கட்டுரைகளில் யார் செய்தார் என்பது இருக்கும். அவற்றைப் படித்துத்தான் எங்களில் பலர் களத்துக்கு வந்தோம். ஆகவே எழுத முடியாது என்றில்லை.

சொல்லை மாற்றினால் சோறு வருமா என்று எங்கள் கூட்டத்திலேயே ஒரு தோழர் கேட்டார். நியாயமான கேள்வி. மாநகராட்சியில் ஒப்பந்தத்தில் குப்பை அள்ளும் நம் பெண்களுக்கு 'வளர்ந்து வரும் மாநகராட்சி' என்று போட்டாலும் 'வளர்க்கப்பட்ட மாநகராட்சி' என்று போட்டாலும் அதே கூலிதான். ஆனால் வழக்கு மன்றத்துக்கும் தாசில்தார் ஆபீசுக்கும் மனு எழுதிக்கொடுக்கிற எங்களுக்கு வாக்கியத்தின் அருமை தெரியும். 'எங்கள் நிலம் பறிபோனது' என்று எழுதிய மனுவுக்கு 'ஆவன செய்யப்படும்' என்று பதில் வரும். இன்ன சர்வே எண், இன்ன ஆண்டு, இன்னார் பெயருக்கு இன்னார் எழுதிக்கொடுத்தார் என்று எழுதிய மனுவைத்தான் கொஞ்சமாவது திருப்பிப் பார்க்கிறார்கள்.

அகராதியைப் புரட்டியபோது ஒன்று கண்ணில் பட்டது. 'கண்வளர்தல்' என்றால் தூங்குதல். தாலாட்டில் வரும் பழைய பொருள். வளர்ச்சிச் செய்திகளுக்கு அந்தப் பொருளும் பொருந்தத்தான் செய்கிறது.

கதையை வளர்ப்பானேன். போன மாதம் அந்த நோட்டை எடுத்துக்கொண்டு பிள்ளைகள் ஏரிக்கரைப் பக்கம் ஒரு பாட்டியிடம் போனார்கள். சின்ன வயதில் ஏரிக்குக் கீழே நடவு நட்டவர். "தாம்பரம் எப்படி வளந்துச்சி பாட்டி?" என்று கேட்டார்கள்.

"வளந்துச்சா? நாங்கதாண்டி செங்கல்லு தூக்குனோம்," என்றார் அவர். "ரெண்டு மாடிக்கு மேல தூக்குனா எட்டணா சாஸ்தி."

யார் மேஸ்திரி, எந்தக் கட்டிடம், எத்தனை நாள் வேலை, கூலி பாக்கி எவ்வளவு என்று அவர் சொல்லச் சொல்லப் பிள்ளைகள் எழுதிக்கொண்டார்கள். இதுவரை நான்கு பக்கம் வந்திருக்கிறது. அடுத்த சனிக்கிழமையும் போகிறார்கள்.